இப்போது எங்களோடு இல்லாத உறுப்பினர்

ஒரு சங்கத்துக்குச் செயலாளர் ஆக வேண்டுமென்றால் பேச்சுத் திறமை வேண்டும், நாலு பேரைக் கூட்டும் சாமர்த்தியம் வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் கதை. சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் முன்னாள் மாணவர் சங்கம் ஆரம்பித்த அன்று, கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பது பேரில் ஒருவர், "லெட்டருக்கெல்லாம் காப்பி எடுக்கணுமே, அது யார் செலவு?" என்று கேட்டார். நாற்பது தலைகளும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஏகமனதாகச் செயலாளர் ஆனார். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் அந்தப் பதவிக்கு ஒருவரும் போட்டி போடவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெயிலில் நிற்க வேண்டிய அளவுக்குத்தான் கடை. ஒரு மெஷின், காகிதக் கட்டுகள், கயிற்றில் கட்டிப் போட்ட ஸ்டேப்ளர். கட்டாமல் வைத்திருந்த காலத்தில் வருடத்துக்கு நாலு ஸ்டேப்ளர் காணாமல் போயின. உள்மேசையில் அவருடைய மனைவி கல்லூரிப் பிள்ளைகளின் தாள்களுக்குச் சுருள் கம்பி போட்டு பைண்டிங் செய்வார். அந்த அம்மாளுக்குச் சங்கம் என்ற பேச்சே ஆகாது. "வீட்டுக் கூரை ஒழுகுது, இவரு ஸ்கூல் கூரைக்குக் குடை பிடிக்கப் போறாரு" என்று வாடிக்கையாளர்களிடமே சொல்வார்.

அவர் ஏன் அப்படி அலைந்தார் என்று கேட்டால், அதற்குப் பள்ளிக்கூட நாட்களுக்குப் போக வேண்டும். அவருடைய வகுப்பில் தவளை இருந்தான், பல்லி இருந்தான், ஒட்டகம் இருந்தான். இவருக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. கேலி செய்யக்கூட யாருக்கும் தோன்றாத பையன். அந்த ஆதங்கம் அறுபது வயதிலும் போகவில்லை. செயலாளர் ஆன பிறகுதான் அவரைப் பார்த்து நாலு பேர் கை தூக்கினார்கள், "என்ன செக்ரட்டரி" என்று தெருவில் கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பதினெட்டு வருடக் காகிதத்தையும் இலவசமாகக் கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் கை தூக்கியவர்களே சந்தா என்றதும் ஓட்டம் பிடித்தார்கள். அவர் எதிரே வருவதைப் பார்த்தால் பலருக்குத் திடீரென்று எதிர்ச்சாரியில் அவசர வேலை வந்துவிடும். பட்டியலில் இருந்தது முன்னூற்றுப் பத்துப் பேர். வருடச் சந்தா கட்டுபவர்கள் ஐம்பதைத் தொட்டால் அந்த வருடம் அமோகம். ஆயுள் சந்தா என்று ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார். பல் டாக்டராகியிருந்த ஒரு தோழர், "ஆயுள் சந்தா கட்டினவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா மிச்சத்தைத் திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்ததோடு அந்தத் திட்டம் முடிந்தது. சங்கத் தலைவர் மரக்கடை முதலாளி. அவர் சங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு தருவார், வேறொன்றும் தர மாட்டார். "உயிரோட இருக்கறவனுக்கு எவன்யா பணம் குடுப்பான்?" என்பது அவருடைய சித்தாந்தம்.

அது எவ்வளவு உண்மை என்று அவரே எதிர்பார்க்காத விதத்தில் தெரிந்தது.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், செயலாளர் பட்டியலை வைத்துக்கொண்டு, சந்தா பாக்கி வைத்தவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். 'ரேடியோ' முறை வந்தது. ரேடியோ என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரியாதவர் இல்லை. காலை வணக்கத்தில் செய்தி வாசித்தவன், வாத்தியார் இல்லாத வகுப்பில் பந்தயத்துக்கு நேர்முக வர்ணனை செய்தவன், தூக்கத்திலும் பேசுகிறவன். பட்டப்பெயர் இல்லாத பையனோடு வலிய வந்து பேசியவனும் அவன் ஒருவன்தான். பிற்பாடு குடிநீர் வாரியத்தில் பம்பு ஆபரேட்டராக இருந்து, ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு வெளியூருக்குக் குடிபோயிருந்தான். வீட்டு எண்ணுக்குப் போன் செய்தால் அவன் மனைவி எடுத்தாள்.

"தங்கச்சி, நான் ஸ்கூல் சங்கத்துல இருந்து பேசறேன். அவன் இருக்கானா?"

"அவரு இப்ப எங்களோட இல்லைங்கண்ணே" என்றாள்.

"என்னம்மா சொல்றே? எப்ப?"

"போய் மூணு மாசம் ஆச்சு."

"நல்லாத்தானே இருந்தான்?"

"நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னு எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு." குரல் உடைந்தது.

செயலாளருக்கு அழுகிற பெண்களோடு பேசத் தெரியாது. "மனசைத் தேத்திக்கோம்மா. பொண்ணு இருக்கால்ல, அவளுக்காக இரு" என்றார். "அவளுக்காகத்தான் இருக்கேன்" என்றாள். சந்தா கேட்கத்தான் கூப்பிட்டோம் என்பது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. போனை வைத்துவிட்டார்.

இதில் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நம் பேச்சில் யாரும் நேராகச் சாவதில்லை. தவறிவிடுவார்கள், போய்ச் சேர்ந்துவிடுவார்கள், இல்லாமல் போய்விடுவார்கள். கட்டிய பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவனுக்கும் நாம் இதே சொற்களைத்தான் வைத்திருக்கிறோம். போனான், விட்டுவிட்டுப் போனான், இப்போது இல்லை. அந்தப் பெண் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவரும் காதில் விழுந்ததைத்தான் நம்பினார்.

அன்று மாலைக்குள் செய்தி ஊரெல்லாம் பரவியது. மறுநாளே பணம் வர ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது. சந்தா கேட்டால் எதிர்ச்சாரிக்கு ஓடியவர்கள் கடைக்குள்ளேயே வந்து, "ரேடியோ பேர்ல ஏதாவது செய்யணும் செக்ரட்டரி" என்றார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் அனுப்பினார்கள். பல் டாக்டர் அனுப்பினார். தலைவரே மரம் தந்தார் என்றால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். பத்து மாதத்தில் பள்ளிக்கூடத்தின் பின்புறம், பெரிய ஜன்னல்களோடு ஒரு வாசிப்பறை எழுந்தது. கல்வெட்டில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி வேண்டும் என்றார் கல் வெட்டுபவர். தோற்றம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது. மறைவை விதவையிடம் எப்படிக் கேட்பது? செயலாளர் தான் போன் செய்த நாளிலிருந்து காலண்டரில் மூன்று மாதம் பின்னால் எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ரேடியோவின் மனைவியை நேரில் அழைப்பதுதான் முறை, ஆனாலும் முதலில் போனில் சொல்லிவிடுவோம் என்று கூப்பிட்டார்.

"ஸ்கூல்ல ஒரு விழா தங்கச்சி. நீ அவசியம் வரணும்."

"நான் எதுக்குண்ணே? அவரையே கூப்பிடுங்க. அவரு தங்கச்சி ஊர்ல தனியா ரூம் எடுத்துத்தான் இருக்காரு. புது நம்பர் தர்றேன், எழுதிக்கறீங்களா?"

அவர் எழுதிக்கொண்டார். கை தானாக எழுதியது. பத்து எண்களையும் எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்த்து, நன்றி சொல்லி வைத்தார்.

அன்றே சொல்லியிருக்கலாம். உயிர் போன நண்பன் உயிரோடு இருக்கிறான் என்றால் ஊரே கொண்டாடியிருக்கும். ஆனால் கல் வெட்டியாகிவிட்டது, கடல் தாண்டி மூன்று பேர் டிக்கெட் போட்டுவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைவிட, செக்ரட்டரி ஒரு போனைக் கேட்டு உயிரோடு இருப்பவனைக் கொன்றார் என்று காலத்துக்கும் சிரிப்பார்கள். கிடைக்காமல் போன பட்டப்பெயர் அறுபது வயதில் கிடைத்துவிடும். நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினார். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டார். மனைவியிடம் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்: "ஒருத்தன் செத்துட்டான்னு நினைச்சுட்டிருக்கோம். அப்புறம் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா, அது சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். அதை ஏன் எழவு வீட்டுல இருந்து வந்தவர் மாதிரி கேக்கறீங்க?"

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

விழா நடந்தது. ரேடியோ வீட்டில் யாரும் வரக்கூடிய நிலையில் இல்லை என்று செயலாளர் சொல்லிவைத்திருந்தார். தலைவர் பேசினார். ஒன்பதாம் வகுப்பில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இறைச்சிக் கடைக்காரர், கத்தியைத் தூக்கக் கலங்காத மனிதர், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நேர்ல ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம்டா, பார்க்காம விட்டுட்டேனே" என்று தேம்பினார். செயலாளர் மைக் வயர் யார் காலிலும் தடுக்காதபடி பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்றார். இப்போது நாலு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் நாளைக்கே பஸ் பிடித்துப் போய் நண்பனைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வயரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் மூன்று வருடம் சங்கத்துக்கு யோகம்தான். உறுப்பினர்கள் இருநூற்றைத் தாண்டினார்கள். வாசிப்பறையில் பிள்ளைகள் இடம் பிடிக்க ஓடின. "சங்கத்தைத் தூக்கி நிறுத்தினது நம்ம செக்ரட்டரிதான்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவருக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை. யாராவது பாராட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். உறுப்பினர் பட்டியலை நகலெடுக்கும்போது ரேடியோ இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் கண்ணாடிமேல் கவிழ்த்து வைப்பார். எண் எழுதிய தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். எத்தனையோ தடவை எடுத்தார். என்ன என்று ஆரம்பிப்பது? "நலமா, நீ செத்து மூணு வருஷம் ஆச்சு" என்றா?

போன வாரம் காலை பதினொரு மணி இருக்கும். மனைவி கம்பி வாங்கப் போயிருந்தார். செயலாளர் மெஷினுக்குள் குனிந்து, சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ரெண்டு காப்பி வேணும். தெளிவா விழணும், பென்ஷன் ஆபீசுல குடுக்கணும்."

அந்தக் குரலுக்கு ஆள் பார்க்க வேண்டியதில்லை. சிக்கிய தாள் கையிலேயே இருக்கத் திரும்பினார். ரேடியோ மெலிந்திருந்தான். சட்டை சுத்தமாக இருந்தது, ஆனால் இஸ்திரி போடவில்லை.

"டேய்! நீயா! இன்னும் நீதான் செக்ரட்டரியா? என்னடா, பேயைப் பார்த்தவன் மாதிரி முழிக்கறே?"

செயலாளர் தாளை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தார். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் எழுதிக் கொடுக்கிற சான்றிதழ் அது. மெஷினின் வெளிச்சம் இப்பக்கமிருந்து அப்பக்கம் போனது. ரேடியோ பேசிக்கொண்டே இருந்தான்.

"வேலை பார்த்த ஊர்லதான் இதைக் குடுக்கணுமாம். அதான் விடிகாலை பஸ் ஏறி வந்தேன். உன்கிட்டயும் ஒரு வேலை இருக்கு." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பலகையில் வைத்தான். "நாலு வருஷச் சந்தா. தப்பு என்மேலதான்டா. உங்ககிட்ட இருந்து ஒரு லெட்டர் இல்ல, ஒரு போன் இல்ல. நான் வீட்டை விட்டு வந்தது தெரிஞ்சு எல்லாரும் என்னை ஒதுக்கிட்டீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். ரெண்டு வருஷம் அப்படியே நினைச்சுட்டிருந்தேன். அப்புறம்தான் சந்தா கட்டலையேன்னு ஞாபகம் வந்துச்சு. சரி, அதுக்காகத்தான் பேரை அடிச்சிருக்காங்க, வேற ஒண்ணும் இல்லைன்னு கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. ரசீது போடு. அப்படியே ஸ்கூலையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

பள்ளிக்கூடத்துக்குப் போனால் கல்வெட்டு இருக்கிறது. மூன்று வருடமாக நாளை நாளை என்று தள்ளியதற்கு இனி நாளை இல்லை.

"உட்காருடா" என்றார். சொன்னார். போன் செய்ததை, அவன் மனைவி சொன்ன வார்த்தையை, தான் புரிந்துகொண்டதை, பணம் சேர்ந்ததை, வாசிப்பறையை, வெள்ளிக்கிழமையை.

ரேடியோ முதலில் வாயைப் பிளந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பலகையைப் பிடித்துக்கொண்டான். "என்னைக் கொன்னுட்டியாடா, பாவி! அதுவும் வெள்ளிக்கிழமையாப் பார்த்து! மரக்கடைக்காரன் மரம் குடுத்தானா? எனக்கா? இருந்தப்ப ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்லையேடா!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, நான் உயிரோட இருக்கேன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

கேள்வி விளையாட்டாகத்தான் வந்தது. பதிலும் உடனே வந்துவிட்டது.

"இப்பத்தான். உன்னைப் பார்த்ததும்."

ரேடியோ பலகைக்கு மேலாகவே எட்டி அவரைக் கட்டிக்கொண்டான். "அதான் பேயறைஞ்ச மாதிரி நின்னியா! போடா, உன்மேல என்ன தப்பு?" அந்த அணைப்பில் செயலாளருக்கு மூச்சு முட்டியது. விட்டுவிட்டால் போதும் என்றிருந்தது, விட்டுவிடக் கூடாது என்றும் இருந்தது.

ரேடியோ போனை வெளியில் எடுத்தான். "அவகிட்ட சொல்லணும்டா. பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. பொண்ணு மூலமாத்தான் எல்லாம். ஆனா இதைச் சொன்னா சிரிச்சுடுவா. அவ வார்த்தையிலதான் நான் செத்திருக்கேன், சிரிக்காம இருக்க முடியாது. சிரிச்சான்னா பேசிடுவா. எனக்குத் தெரியும் அவளை." எண்ணைத் தேடும் விரல் அவசரப்பட்டது.

செயலாளர் அந்தப் போனின்மேல் கையை வைத்தார்.

"பண்ணாதே. அவங்க சொல்லிடுவாங்க."

"என்னத்தை?"

"விழாவுக்கு ஒம்பது நாள் முன்னாடி அவங்களுக்குப் போன் பண்ணினேன். அப்பவே சொன்னாங்க. எனக்கு மூணு வருஷமாத் தெரியும்டா."

ரேடியோ அவரைப் பார்த்தான். சிரித்த முகம் அப்படியே இருக்க, சிரிப்பு மட்டும் வடிந்தது.

"என் நம்பர் குடுத்தாளா?"

"குடுத்தாங்க."

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக ரேடியோவுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கல்லு, கட்டடம், விழா, அதெல்லாம் எப்படியோ போகட்டும். அதைப் பத்தி நீ எதுவும் சொல்லியிருக்க வேண்டாம். சும்மா ஒரு தடவை கூப்பிட்டு, எப்படிடா இருக்கேன்னு கேட்டிருக்கலாமே. அந்த ரூம்ல பொழுது சாயற வரைக்கும் என்கூடப் பேச ஒரு ஆள் கிடையாதுடா."

செயலாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாளைக்கே கமிட்டியைக் கூட்டி எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன். கல்லை எடுத்துடறோம். எல்லாரும் உன்னைப் பார்க்க ஓடி வருவாங்க, பாரு."

"அது உங்க இஷ்டம்" என்றான் ரேடியோ.

உங்க என்ற சொல் செயலாளருக்கு உடனே உறைக்கவில்லை. பலகையில் இருந்த கவரை ரேடியோ எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். மெஷின் தட்டிலிருந்த இரண்டு நகல்களையும் எடுத்து, எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அசல் தாளோடு சேர்த்து மடித்தான். பிறகு, முன்பின் தெரியாத கடையில் நிற்கும் ஒருவருடைய மரியாதையோடு கேட்டான்.

"ரெண்டு காப்பிக்கு எவ்வளவு ஆச்சுங்க?"

ஆறாம் வகுப்பிலிருந்து அந்த வாயிலிருந்து அவருக்கு வந்ததெல்லாம் 'டா'தான். போடா, உன்கிட்ட யார் காசு கேட்டா என்று சொல்லி அந்த 'ங்க'வை அடித்து விரட்டியிருக்க வேண்டும். அப்படிச் சொல்வதற்கு ஒருவன் நண்பனாக இருக்க வேண்டும். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்கிற விலையைச் சொன்னார். ரேடியோ சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனான்.